ஸ்டார்டஸ்ட் ரேசர்ஸா, வெலாசிகோஸ்டரா? குழந்தையோடு ஒர்லாண்டோ போகிறவர்களுக்கு

ஃபுளோரிடாவின் ஒர்லாண்டோவில் இருக்கும் யூனிவர்சல் கேளிக்கைப் பூங்காக்களில் ஒரே ஒரு நாள்தான், எந்தப் பூங்காவுக்கு டிக்கெட் வாங்குவது? அட்லாண்டாவில் எங்கள் நண்பர்கள் வட்டத்தில் பள்ளி விடுமுறை நெருங்கினால் யாராவது இதைக் கேட்காமல் இருப்பதில்லை. முன்பெல்லாம் ரோலர் கோஸ்டர் பிடித்தவர்களுக்கு ஐலண்ட்ஸ் ஆஃப் அட்வென்ச்சர் என்று யோசிக்காமல் சொல்லிவிடலாம். அங்கே வெலாசிகோஸ்டர் இருக்கிறது, அதற்குமேல் பேச்சில்லை. 2025 மே 22 அன்று எபிக் யூனிவர்ஸ் என்ற புதிய பூங்கா திறந்து, அதில் ஸ்டார்டஸ்ட் ரேசர்ஸ் என்ற கோஸ்டர் ஓடத் தொடங்கிய பிறகு அந்தப் பதில் அவ்வளவு சுலபமாக வருவதில்லை.

நாங்கள் போன குளிர்கால விடுமுறையில் எபிக் யூனிவர்ஸைத்தான் தேர்ந்தெடுத்தோம். வெலாசிகோஸ்டரில் நான் அதற்கு முன்பே ஏறியிருக்கிறேன். ஆகவே இரண்டும் தெரியும். ஆனால் சம அளவில் தெரியாது, அதையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

எண்களை முதலில் முடித்துவிடலாம். வெலாசிகோஸ்டர் 2021 ஜூனில் திறந்தது, இன்டமின் நிறுவனம் கட்டியது. உயரம் 47 மீட்டர், வேகம் மணிக்கு சுமார் 113 கிலோமீட்டர், தலைகீழாகப் புரளும் இடங்கள் நான்கு. ஸ்டார்டஸ்ட் ரேசர்ஸ் ஜெர்மனியின் மாக் ரைட்ஸ் கட்டியது. உயரம் சுமார் 40 மீட்டர், வேகம் சுமார் 100 கிலோமீட்டர். ஆனால் இதில் தண்டவாளம் இரண்டு. மஞ்சள் பக்கத்துக்கு ஃபோட்டான், பச்சைப் பக்கத்துக்குப் பல்சர் என்று பெயர். ஒவ்வொன்றும் ஒன்றரைக் கிலோமீட்டர் நீளம், இரண்டு வண்டிகளும் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு ஓடுகின்றன. காகிதத்தில் பார்த்தால் உயரத்திலும் வேகத்திலும் பழையதுதான் ஜெயிக்கிறது. ஏறி உட்கார்ந்த பிறகு 100-க்கும் 113-க்கும் உள்ள வித்தியாசத்தை வயிறு கண்டுபிடிக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அனுபவமாக இரண்டும் வேறு வேறு ஜாதி. வெலாசிகோஸ்டர் மிரட்டுகிறது. முதல் பாதி முழுக்கச் செயற்கைப் பாறைகளுக்கு நடுவே, ராப்டர் டைனோசர்களின் கூண்டுக்குள் மாட்டிக்கொண்டதுபோலச் சடசடவென்று திருப்பங்கள். இரண்டாவது முறை வண்டியை உந்தித் தள்ளும்போதுதான் அதன் சுயரூபம் தெரியும். நேராக அந்த 47 மீட்டர் உச்சிக்குப் போய், அங்கே ஒரு கணம் இருக்கையிலிருந்து முழுதாக எழும்பி, மறுபக்கம் கிட்டத்தட்ட செங்குத்தாக விழுகிறோம். கடைசியில் ஏரித் தண்ணீருக்குச் சற்று மேலே தலைகீழாக ஒரு புரளல். தோள்பட்டைக்குப் பிடிமானம் எதுவும் கிடையாது. மடிமேல் அழுத்தும் கம்பி ஒன்றுதான். அந்தப் புரளலின்போது உடம்பின் மொத்த எடையும் தொடையில் வந்து தொங்குவதை உணர முடியும். நான் உட்கார்ந்தது நடு வரிசையில். கடைசி வரிசை இதைவிட இரண்டு மடங்கு பயங்கரம் என்று மச்சான் அடித்துச் சொல்கிறார், அதற்கு அவர்தான் சாட்சி.

மச்சானைப் பற்றி ஒரு வார்த்தை. என் மனைவியின் தம்பி, நியூ ஜெர்சிக்காரர், ரோலர் கோஸ்டர் பைத்தியம். அவர் ஊர்ப் பக்கம் 139 மீட்டர் உயரத்தில் நின்ற கிங்டா கா என்ற கோஸ்டரை 2025 பிப்ரவரியில் வெடிவைத்து இடித்தபோது துக்கம் விசாரிக்க நான் ஃபோன் செய்ய வேண்டியிருந்தது. அவருடைய தீர்ப்பு வெலாசிகோஸ்டர் பக்கம்தான். வண்டியை மட்டும் தனியாக எடைபோட்டால் நானும் அவரோடு ஒத்துப்போவேன்.

ஸ்டார்டஸ்ட் ரேசர்ஸ் மிரட்டுவதில்லை, விளையாடுகிறது. வண்டிக்குள்ளேயே இசை. மேடு மேடாக வரும் தண்டவாளம், ஒவ்வொரு மேட்டிலும் உடம்பு மிதந்து எழும்புகிறது. அப்படி எழும்பும்போது பக்கத்தில் இன்னொரு வண்டி, அதில் கைகளை மேலே தூக்கிக்கொண்டு கத்தும் மனிதர்கள். அவர்கள் முகம் தெரியும் தூரம். கொஞ்ச நேரத்தில் அவர்கள் காணாமல் போய், எதிரிலிருந்து நம்மை நோக்கி வருகிறார்கள். நடுவில் இரண்டு வண்டிகளும் ஒன்றை ஒன்று சுற்றிக்கொண்டு ஒரே சமயத்தில் புரளும் இடம் ஒன்று இருக்கிறது. கயிறு திரிப்பதுபோல இரண்டு தண்டவாளங்களையும் முறுக்கி வைத்திருக்கிறார்கள். தலைகீழாக இருக்கும்போது எதிர் வண்டிக்காரர்கள் மேலேயா கீழேயா என்று புரிவதற்குள் அது முடிந்துவிடும்.

சரி, இவ்வளவு சொல்லியும் நான் ஸ்டார்டஸ்ட் பக்கம் சாய்வதற்குக் காரணம் இது எதுவுமே இல்லை. எட்டு சென்டிமீட்டர்தான் காரணம்.

வெலாசிகோஸ்டரில் ஏற 51 அங்குல உயரம் வேண்டும், அதாவது 130 சென்டிமீட்டர். ஸ்டார்டஸ்ட் ரேசர்ஸுக்கு 48 அங்குலம், 122 சென்டிமீட்டர். பெரியவர்களுக்கு இது அறிவிப்புப் பலகையில் இருக்கும் ஒரு எண், அவ்வளவுதான். இரண்டாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளையோடு போகிறவர்களுக்கு அந்த நாளே இதில்தான் இருக்கிறது. அந்த வயதில் குழந்தைகள் வருடத்துக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் வளர்வார்கள். ஆக எட்டு சென்டிமீட்டர் என்பது கிட்டத்தட்ட ஒன்றரை வருடம்.

என் மகள் 125. நடுவில் மாட்டிக்கொண்டவள். கிளம்புவதற்கு முன்பே சமையலறைச் சுவரில் பென்சில் கோடு போட்டு அளந்துவிட்டோம். ஆனாலும் வரிசையின் வாசலில் அந்த அளவுகோலின் கீழ் நிற்கும்போது அவளுக்கு மூச்சே இல்லை. பணிப்பெண் சிரித்துக்கொண்டே அவள் உச்சிக் கொண்டையை உள்ளங்கையால் அழுத்தினார். கொண்டைக்குக் கணக்கு கிடையாது. குதிகாலைத் தூக்காதே என்று சைகை செய்தார். கட்டை அவள் தலையில் லேசாக இடித்தது. "அப்பா, இடிச்சுச்சுப்பா!" என்று அவள் கத்தியதில் முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

இதை ஒரே ஒரு வண்டிக்கு மட்டும் கணக்குப் போடாதீர்கள், பூங்கா முழுவதற்கும் போட்டுப் பாருங்கள். ஐலண்ட்ஸ் ஆஃப் அட்வென்ச்சரில் பெரிய கோஸ்டர்கள் மூன்று. ஹல்க்குக்கு 54 அங்குலம், வெலாசிகோஸ்டருக்கு 51, ஹேக்ரிட் மோட்டார்பைக்குக்கு 48. என் மகளுக்கு மூன்றில் ஒன்றுதான் கிடைத்திருக்கும். எபிக் யூனிவர்ஸில் ஸ்டார்டஸ்ட்டுக்கு 48. டிராகன் தீவில் ஓடும் ஹிக்கப்ஸ் விங் கிளைடர்ஸ், டாங்கி காங் சுரங்க வண்டி, ஓநாய் மனிதன் பெயரில் சுழன்றுகொண்டே ஓடும் கோஸ்டர், இந்த மூன்றுக்கும் 40 அங்குலம் போதும். அதாவது அந்தப் பூங்காவின் எல்லாக் கோஸ்டரிலும் அவளால் ஏற முடிந்தது. ஒரு நாள் டிக்கெட் 139 டாலரில் தொடங்கி, கூட்ட நாட்களில் அதற்கும் மேலே போகும் இடம். குடும்பத்தில் ஒருவருக்கு வேடிக்கை பார்க்க மட்டும் அந்தக் காசைக் கொடுப்பதா என்பதுதான் எனக்கு முன்னால் இருந்த கேள்வி.

"ஏன், சைல்ட் ஸ்வாப் இருக்கிறதே?" என்பார்கள். இருக்கிறது, நல்ல ஏற்பாடுதான். குடும்பமாக வரிசையில் நின்று, ஒருவர் குழந்தையோடு ஓர் அறையில் காத்திருக்க, மற்றவர் ஏறிவிட்டு வந்ததும் ஆள் மாற்றிக்கொள்ளலாம். மறுபடி வரிசையில் நிற்க வேண்டாம். கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்கு இது வரப்பிரசாதம். ஆனால் எட்டு வயதுக் குழந்தைக்கு? அவளும் அதே நீண்ட வரிசையில் நிற்கிறாள், ராப்டர் பொம்மைகள் உறுமுவதைப் பார்க்கிறாள், முன்னால் போகிறவர்களின் அலறலைக் கேட்கிறாள், கடைசியில் அவளுக்கு மட்டும் பெஞ்சு. ஒருமுறை அப்பா கலைந்த முடியோடு சிரித்துக்கொண்டே வருவார், அடுத்தமுறை அம்மா வருவார். நட்பு வட்டத்தில் ஒரு குடும்பம் அந்த அறையில் பட்ட பாட்டைக் கேட்ட பிறகு எங்களுக்கு அந்த ஆசையே போய்விட்டது.

அப்புறம், இரண்டு தண்டவாளம் இருப்பதன் அருமை குடும்பமாகப் போனால்தான் புரியும். மகளும் அவள் அம்மாவும் மஞ்சளில், நானும் மச்சானும் பச்சையில் ஏறினோம். ஒரு மேட்டில் எங்களுக்குப் பக்கத்திலேயே அவர்கள் வண்டி எழும்பியது. காற்றில் எதுவும் கேட்கவில்லை, ஆனால் மகள் எங்களைப் பார்த்து நாக்கைத் துருத்தியது தெளிவாகத் தெரிந்தது. இறங்கியதும் யார் முதலில் வந்தது என்று மாமனுக்கும் மருமகளுக்கும் சண்டை. ஒரே வண்டியில் நால்வரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து போனால் இது கிடைக்காது. உடனே பக்கம் மாறி இன்னொரு முறை போகவும் காரணம் கிடைத்துவிடுகிறது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லை. எங்கள் வீட்டில் மஞ்சளுக்கு மூன்று ஓட்டு, பச்சைக்கு மச்சான் ஓட்டு மட்டும்.

ஸ்டார்டஸ்ட்டில் குறையே இல்லையா என்றால், இருக்கிறது. அதன் சுகம் முழுக்க இரண்டு வண்டிகளும் சேர்ந்து புறப்படுவதில் இருக்கிறது. ஒரு பக்கத்தில் யாரோ ஒருவருக்குக் கம்பி சரியாகப் பூட்டவில்லை, யாரோ பாக்கெட்டில் எதையோ மறந்துவிட்டார் என்றால் ஒத்திசைவு நழுவுகிறது. நாங்கள் ஏறியபோது பெரும்பாலும் சேர்ந்தே கிளம்பின. ஒருமுறை எதிர் வண்டி வால் மட்டும் காட்டிவிட்டுப் போய்விட்டது, அப்போது அது இன்னொரு நல்ல கோஸ்டர், அவ்வளவுதான். வெலாசிகோஸ்டருக்கு இந்தப் பிரச்சினை இல்லை. அது யாரையும் நம்பி ஓடுவதில்லை, எப்போது ஏறினாலும் முழுசாகக் கொடுக்கும்.

சொல்லாமல் விடக் கூடாத ஒன்று. 2025 செப்டம்பர் 17 அன்று ஸ்டார்டஸ்ட் ரேசர்ஸில் பயணம் செய்த ஒருவர் பலத்த காயமடைந்து இறந்தார். மருத்துவப் பரிசோதகர் அதை விபத்து என்று பதிவு செய்தார். சில வாரங்கள் மூடப்பட்டு, வண்டியின் அமைப்புகள் சரியாகவே இயங்கின என்று வெளியிலிருந்து வந்த நிபுணரும் தயாரிப்பாளரும் உறுதி செய்த பிறகு, இயக்க விதிகளையும் எச்சரிக்கைப் பலகைகளையும் மாற்றி, அக்டோபரில் மீண்டும் திறந்தார்கள். இது எங்கள் வீட்டில் விவாதிக்கப்பட்டது. என் மனைவி வரிசையின் வாசலில் இருந்த பலகையை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படித்துவிட்டுத்தான் நகர்ந்தார். முதுகு, கழுத்து, இதயம் தொடர்பான சிக்கல் உள்ளவர்களை அதில் தெளிவாகவே தடுக்கிறார்கள். பணியாளர்கள் ஒவ்வொரு கம்பியையும் கையால் இழுத்துப் பார்த்ததையும் கண்டேன். மனம் ஒப்பவில்லை என்றால் ஏற வேண்டாம், அந்தப் பூங்காவில் செய்வதற்கு வேறு நிறைய இருக்கிறது.

வெயில் பற்றி நான் அதிகம் பேச முடியாது, குளிர்காலத்தில் போனவன். ஆனால் எபிக் யூனிவர்ஸில் மரங்கள் இன்னும் கன்றுகளாகத்தான் நிற்கின்றன, நிழல் குறைவு. ஜூன், ஜூலையில் நடு மதியம் அங்கே நடப்பதை நினைத்தாலே தொண்டை வறள்கிறது. ஃபுளோரிடாவில் கோடை மாலைகளில் இடி இடித்தால் திறந்தவெளிக் கோஸ்டர்கள் இரண்டையும் ஒரேயடியாக நிறுத்திவிடுவார்கள். அந்த விஷயத்தில் இரண்டும் ஒன்றுதான். ஐலண்ட்ஸ் ஆஃப் அட்வென்ச்சரில் மரங்கள் வளர்ந்துவிட்டன, ஒதுங்கக் கூரைகளும் அதிகம்.

இன்னொரு நடைமுறை விஷயம்: எபிக் யூனிவர்ஸ் பழைய பூங்காக்களின் பக்கத்தில் இல்லை. நடந்து போகும் தூரம் கிடையாது, கார் அல்லது பஸ்தான். காலையில் இது, மதியம் அது என்று திட்டம் போட்டு வருகிறவர்களுக்கு அலைச்சல்தான் மிஞ்சும்.

அப்படியானால் யாருக்கு வெலாசிகோஸ்டர்? பெரியவர்கள் மட்டும் போகிறீர்கள், அல்லது பிள்ளைகள் 137 சென்டிமீட்டரைத் தாண்டிவிட்டார்கள் என்றால் ஐலண்ட்ஸ் ஆஃப் அட்வென்ச்சருக்கே போங்கள். மூன்று பெரிய கோஸ்டரும் உங்களுக்கு. 130-லிருந்து 137 வரை என்றால் இழுபறி, அங்கே நான் எந்தப் பக்கமும் அடித்துச் சொல்ல மாட்டேன். 122-லிருந்து 130 வரை இருக்கும் பிள்ளையோடு போகிறவர்கள் யோசிக்கவே வேண்டாம், எபிக் யூனிவர்ஸுக்கு டிக்கெட் போடுங்கள். 122-க்கும் கீழே என்றால் ஸ்டார்டஸ்ட்டும் கிடையாது, ஆனால் 40 அங்குலம் தாண்டியிருந்தால் ஹிக்கப்ஸ் வண்டி ஒன்றே அந்தக் குழந்தைக்குப் போதும்.

ஸ்டார்டஸ்ட்டுக்குப் போகிறவர்கள் ஒரு முறையாவது இருட்டிய பிறகு ஏறுங்கள். வண்டிகளில் விளக்குகள் எரியும், தண்டவாளம் கண்ணுக்குத் தெரியாது, அடுத்து எந்தப் பக்கம் இழுக்கும் என்று ஊகிக்க முடியாது. காலையில் கதவு திறந்ததும் கூட்டம் ஹாரி பாட்டர் மந்திர உலகத்தையும் நிண்டெண்டோ பகுதியையும் நோக்கி ஓடும். அந்த நேரத்தில் ஒரு முறை, பூங்கா மூடுவதற்கு முன் கடைசியாக ஒரு முறை என்று வைத்துக்கொண்டால் இரண்டு பக்கத்தையும் பார்த்துவிடலாம். வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன் பிள்ளையை அளந்துவிடுங்கள், செருப்பில்லாமல்.