ரத்தக்காட்டேரிக்கு வாய் கொடுத்தது யார்? மூன்று காத்திக் படங்கள், ஒரு ஒப்பீடு

காமமும் திகிலும் கலந்த காத்திக் (Gothic: பழைய மாளிகை, இருள், ரத்தக்காட்டேரி என்று போகும் திகில் வகை) படங்களில் பெண்கள், கறுப்பினத்தவர் போன்றோரின் பிரதிநிதித்துவம் பேசும்போது, திரையில் யாரெல்லாம் தெரிகிறார்கள் என்று தலை எண்ணுவதே வழக்கம். அந்தக் கணக்கு அடிக்கடி ஏமாற்றும். கதை யார் வாயிலிருந்து வருகிறது, கடைசிக் காட்சியில் யார் உயிரோடு நிற்கிறார் என்ற இரண்டையும் பார்த்தால் படத்தின் சாயம் வெளுத்துவிடும்.

திகில் படங்களுக்குப் பேர்போன பிரிட்டனின் ஹேமர் நிறுவனத்தின் 'தி வாம்பயர் லவ்வர்ஸ்' (1970) பெண்ணுக்குப் பெண் மேல் வரும் மோகத்தை ஒளிக்காமல் காட்டியது. பிரிட்டனில் எக்ஸ் சான்றிதழ் (பெரியவர்களுக்கு மட்டும்) பெற்ற படங்களைப் பார்ப்பதற்கான வயது அதே ஆண்டில்தான் 16இலிருந்து 18 ஆனது. நிர்வாணத்துக்கு இடம் கிடைத்தது. மூலக்கதை ஷெரிடன் லெ ஃபானுவின் 'கார்மில்லா' (1872). அதில் லாரா என்ற பெண்ணே, கார்மில்லா என்ற ரத்தக்காட்டேரிப் பெண் மேல் தனக்கு வரும் ஈர்ப்பையும் அருவருப்பையும் சேர்த்துச் சொல்கிறாள். படமோ தொடக்கத்திலேயே பேச்சை ஒரு பிரபுவிடம் கொடுத்துவிடுகிறது. கார்மில்லாவின் தலை வெட்டப்படுவது இரண்டிலும் உண்டு. ஆனால் கதையின் கடைசி வரியிலும் லாராவுக்கு அவளுடைய காலடிச் சத்தம் கேட்கிறது, ஆசை சாகவில்லை. படத்தில் நடிகர் பீட்டர் குஷிங் கையால் அவள் கணக்கு முடிகிறது. கார்மில்லாவாக நடித்த இங்க்ரிட் பிட்டின் கண்களில் தெரியும் துயரம் மட்டும் திரைக்கதைக்கு அடங்கவில்லை.

ஹாரி குமெல் இயக்கிய 'டாட்டர்ஸ் ஆஃப் டார்க்னஸ்' (1971) வேறு ரகம். சீசன் முடிந்து வெறிச்சோடிய பெல்ஜியத்தின் ஆஸ்டெண்ட் கடற்கரை விடுதி, ஒரு புதுமணத் தம்பதி, ரத்தக்காட்டேரியான பாத்தரி சீமாட்டியாக டெல்ஃபின் செய்ரிக். பயங்கரம் முதலில் வருவது கணவனிடமிருந்துதான்: மனைவியை பெல்ட்டால் அடிக்கிறான். சீமாட்டி இறந்தாலும் அவளுடைய இடத்தை அந்த மனைவி எடுத்துக்கொள்கிறாள், செய்ரிக்கின் குரலோடு. (கருக்கலைப்பு உரிமை கேட்டு பிரான்சில் 343 பெண்கள் கையெழுத்திட்ட அறிக்கையில் செய்ரிக்கும் ஒருவர், அதுவும் 1971தான்.) குறை என்னவென்றால், ஆசைப்படும் உடல்கள் எல்லாமே வெள்ளை, எல்லாமே பணக்கார உடல்கள். வெளுத்த தோலுக்கு எதிரே கறுப்பும் சிவப்பும் என்ற காத்திக் வண்ணக்கட்டு அப்படியே இருக்கிறது.

அதை உடைத்தது பில் கன்னின் 'கேஞ்சா அண்ட் ஹெஸ்' (1973). 'பிளாகுலா' (1972) ஓடிய ஓட்டத்தைப் பார்த்து, தயாரிப்பாளர்கள் இன்னொரு கறுப்பின ரத்தக்காட்டேரிப் படம் கேட்டார்கள். கன் கொடுத்தது அடிமைத்தளை, கிறித்தவம், ஆப்பிரிக்க வேர் மூன்றையும் ரத்தப் பசியோடு பின்னிய படம். டுவேன் ஜோன்ஸ் நடிக்கும் ஹெஸ் மானுடவியல் அறிஞர், செல்வந்தர். பலியாள் வேடமோ எடுபிடி வேடமோ இல்லை. மார்லின் கிளார்க்கின் கேஞ்சா அடக்கமானவளும் அல்ல, தண்டிக்கப்படுபவளும் அல்ல. ஹெஸ் சிலுவை நிழலில் சாகத் துணிகிறான்; அவள் வாழவே முடிவெடுக்கிறாள். பெண்ணின் இச்சைக்குத் தண்டனை தராத முடிவு இந்த வகைப் படங்களில் அரிது.

மூன்றில் என் ஓட்டு இதற்குத்தான், ஆனால் பிரதியைப் பார்த்து எடுக்க வேண்டும். பிரான்சின் கான் திரைப்பட விழாவின் 'விமர்சகர் வாரம்' பிரிவில் திரையிடப்பட்ட பிறகும், தயாரிப்பு தரப்பு படத்தை வெட்டி மறுதொகுப்பு செய்து 'பிளட் கப்பிள்' போன்ற பெயர்களில் விற்றது. ஓட்டநேரம் 78 நிமிடம் என்றிருந்தால் அது சிதைந்த பிரதி. கன்னின் பிரதி 110 நிமிடத்தை ஒட்டி வரும். குறைந்த அரை மணி நேரத்தில் போனவை பெரும்பாலும் கனவுகளும் மௌனங்களும். மிஞ்சுவது தயாரிப்பாளர்கள் முதலில் கேட்ட அதே படம்.