குருமே கஸூரியா, ஓஷிமா ட்ஸுமுகியா?

நூலைக் கட்டிச் சாயம் ஏற்றி, அப்புறம் நெய்வது போச்சம்பள்ளி சேலை கட்டுபவர்களுக்குப் புதிதில்லை. ஜப்பானில் இதைக் கஸூரி என்பார்கள். அதில் பேர்பெற்ற இரண்டு துணிகள்: தெற்குத் தீவான கியூஷுவின் குருமே ஊர்ப் பருத்தி, அதற்கும் தெற்கே அமாமி ஓஷிமா தீவின் ட்ஸுமுகி என்ற பட்டு.

குருமேயில் இதைத் தொடங்கி வைத்தவர் இனோவே டென். 1800 வாக்கில், 12, 13 வயதுச் சிறுமியாக இருந்தபோது, வெளுத்த பழந்துணியில் வெள்ளைப் புள்ளிகளைப் பார்த்து அதைப் பிரித்தார். நூலில் எங்கெங்கே சாயம் போயிருக்கிறதோ, புது நூலில் அங்கெல்லாம் கட்டுப் போட்டு அவுரியில் முக்கினார். கட்டின் ஓரத்தில் சாயம் கொஞ்சம் கசியும், நெய்யும்போது நூலும் இம்மி நகரும். அதனால் குருமேயில் கோடுகள் சற்று மசங்கித்தான் தெரியும்.

ஓஷிமாக்காரர்களுக்கு அந்த மசங்கல் ஆகாது. அவர்கள் கட்டுவதையே தறியிடம் விட்டுவிட்டார்கள். ஷிமேபாட்டா என்ற தறியில் பட்டு நூல்களைப் பருத்தி நூலால் இறுக்கி, பாய் மாதிரி நெய்துவிடுவார்கள். சாயம் ஏறியதும் அந்தப் பாயைப் பிரித்து, பட்டை மறுபடி நெய்வார்கள். சாயமும் லேசுப்பட்டதில்லை. தேச்சிகி மரத்துண்டுகளை வேகவைத்த சாற்றில் பலமுறை தோய்த்து, பிறகு சேற்றில் இறங்கி அலசுவார்கள். சாற்றின் துவர்ப்பும் சேற்றின் இரும்பும் சேர்ந்துதான் அந்தக் கறுப்பு. தோய்ப்பதை மொத்தமாக எண்ணினால் எண்பது முறை பக்கம் போகும். நெசவிலும் சில சென்டிமீட்டருக்கு ஒருமுறை நிறுத்தி, ஊசி முனையால் நூலை நகர்த்திப் புள்ளியோடு புள்ளி சேர்க்க வேண்டும்.

நுணுக்கத்தில் ஓஷிமாவை அடித்துக்கொள்ள ஆளில்லை. எடையே தெரியாது, கசங்கவும் கசங்காது. விலைதான் எட்டாது. வேடிக்கை என்னவென்றால், அவ்வளவு கொடுத்து வாங்கினாலும் மரபுப்படி அதைக் கல்யாணத்துக்கு உடுத்த மாட்டார்கள். ட்ஸுமுகி சாதாரண உடைக் கணக்கில் வரும்.

அணிந்து பழக வேண்டுமென்றால் என் ஓட்டு குருமேவுக்கு. கையால் கட்டி, இயற்கை அவுரியில் தோய்த்து, கைத்தறியில் நெய்யும் முறையை ஜப்பான் அரசு 1957இல் முக்கியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. அந்த ரகம் விலை கூடுதல். பழைய விசைத்தறியில் ஓடும் ரகமே போதும். துவைக்கத் துவைக்க மெத்தென்று ஆகும். அகலம் 38 செ.மீ. அளவுதான், சட்டை தைத்தால் ஒட்டுப் போடாமல் முடியாது.

இல்லை, ஓஷிமாதான் வேண்டுமென்றால் துணியின் முனையில் முத்திரையைப் பாருங்கள். பூமியுருண்டை இருந்தால் அமாமியில் நெய்தது, ஜப்பான் கொடி இருந்தால் கியூஷுவின் ககோஷிமாவில் நெய்தது.