ஸ்மார்ட்வாட்ச்: எத்தனை வருஷத்துக்கு வாங்குகிறோம்?

ஸ்மார்ட்வாட்ச் வாங்கலாமா என்று கேட்பவர்களிடம், எத்தனை வருஷம் கையில் கட்டப்போகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். பட்ஜெட் எல்லாம் அப்புறம். 2017 முதல் ஏதாவது ஒரு ஸ்மார்ட்வாட்ச் என் கையில் இருந்துகொண்டே இருக்கிறது. வீட்டிலும் அப்பா, தங்கை, மைத்துனர் என்று ஆளுக்கொன்று கட்டிப் பார்த்தாகிவிட்டது. என் கணிப்பு இதுதான்: ஸ்மார்ட்வாட்ச் பயனுள்ள பொருள்தான், ஆனால் தயாரித்த நிறுவனத்தின் தயவு அதற்கு எவ்வளவு குறைவாகத் தேவைப்படுகிறதோ அவ்வளவு அதிகக் காலம் அது உழைக்கும்.

என் முதல் வாட்ச் ஸ்டீல் உடம்பு, வட்ட டயல், கூகுளின் வாட்ச் மென்பொருளான ஆண்ட்ராய்டு வேர். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். வாங்கிய மூன்றாவது கோடையில் பின்மூடி ஒரு பக்கம் லேசாகத் தூக்கிக்கொண்டது. விரல் நகம் உள்ளே போகிற அளவு இடைவெளி. பேட்டரி உப்பியிருந்தது. சர்வீஸ் சென்டரில், “இந்த மாடலுக்கு பேட்டரி தனியா வராது சார், பழசைக் குடுத்தா புது மாடல்ல டிஸ்கவுன்ட் தர்றோம்” என்றார்கள். வாட்ச்சில் வேறு எந்தக் கோளாறும் இல்லை. திரை பளிச்சென்று இருந்தது, பட்டன் வேலை செய்தது.

அங்கிருந்து நேராகச் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனேன். மாடியில் சின்ன கடை. கடைக்காரர் ஹீட் கன்னால் விளிம்பைச் சூடாக்கி, மெல்லிய தகட்டை உள்ளே விட்டுப் பசையைச் சுற்றிலும் அறுத்தார். திரையையும் போர்டையும் இணைக்கிற ரிப்பன் தலைமுடி அகலம் கூட இல்லை என்று தோன்றுகிற அளவு மெல்லியது. அதை இழுத்துவிட்டால் கதை முடிந்தது. அதே அளவில் பேட்டரி கிடைக்காமல், வேறொரு மாடலின் பேட்டரியை வைத்து ஒட்டினார். “அண்ணே, ஓடும். ஆனா தண்ணி பட்டா என்னைக் கேக்கக்கூடாது” என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். நேர்மையான பேச்சு. தண்ணீர் புகாமல் காப்பதே அந்தப் பசையும் ரப்பர் வளையமும்தான். ஒருமுறை அறுத்துத் திறந்த பிறகு பழைய உறுதி வராது. மழைக்காலம் முழுக்க அதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு அலைந்தேன்.

பேட்டரி விஷயத்தில் பலர் கவனிக்காத ஒரு கணக்கு இருக்கிறது. லித்தியம் பேட்டரி ஒவ்வொரு முழு சார்ஜுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். ஆப்பிள் தன் வாட்ச் பேட்டரி 1000 முழு சார்ஜ் சுற்றுக்குப் பிறகும் 80 சதவீதம் வரை கொள்ளளவைத் தக்கவைக்கும்படி வடிவமைக்கப்பட்டது என்கிறது. தினமும் ஒரு சார்ஜ் என்றால் மூன்று வருஷத்துக்குள் 1000 வந்துவிடும். 80 சதவீதம் என்பது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 18 மணி நேரம் ஓடிய வாட்ச் இப்போது 14 மணி நேரம்தான் ஓடும். காலை 6 மணிக்குக் கட்டினால் ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் அணைந்துவிடும். இரண்டு வாரம் ஓடுகிற வாட்ச்சுக்கு அதே தேய்மானம் வந்தாலும் 11 நாள் ஓடும். தவிர அதை மாதத்துக்கு இரண்டு முறைதான் சார்ஜ் போடுகிறோம், ஆகவே தேய்வதும் மெதுவாகத்தான். ஒரே சதவீதம், ஒன்றில் வாட்ச் உபயோகமற்றுப் போகிறது, மற்றதில் நமக்குத் தெரிவதுகூட இல்லை. சென்னை வெயில் வேறு பேட்டரியின் ஆயுளைக் குறைக்கிறது. பைக் டாங்க் கவரில், கார் டாஷ்போர்டில் வாட்ச்சைக் கழற்றி வைக்கிற பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள்.

இதனால்தான் அடுத்ததாக அமேஸ்ஃபிட் பிப் வாங்கினேன். 190 எம்.ஏ.ஹெச். பேட்டரிதான், ஆனால் திரை வெளிச்சத்தைப் பிரதிபலித்துக் காட்டுகிற வகை. எப்போதும் நேரம் தெரிந்துகொண்டே இருக்கும், மத்தியான வெயிலில் இன்னும் தெளிவாகத் தெரியும். ஸ்பீக்கர் கிடையாது, கால் பேச முடியாது, ஆப் ஏற்ற முடியாது. நேரம், நடை, இதயத் துடிப்பு, ஜி.பி.எஸ்., நோட்டிஃபிகேஷன், அவ்வளவுதான். ஒரு சார்ஜுக்கு ஒரு மாதத்தை ஒட்டி ஓடியது. இன்று மைத்துனர் மகன் கையில் இருக்கிறது, இன்னும் ஒரு வாரத்துக்கு மேல் தாங்குகிறது. நிறுவனத்தின் ஆப் கூட அதற்குத் தேவையில்லை. கேட்ஜெட்பிரிட்ஜ் என்ற இலவச, திறந்த மூல (நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கிற) ஆப்போடு இணைத்திருக்கிறேன். கணக்கு திறக்க வேண்டியதில்லை, தகவல் எல்லாம் ஃபோனுக்குள்ளேயே இருக்கும். வாட்ச் வாங்கும் முன் அந்த ஆப் எந்தெந்த மாடல்களோடு வேலை செய்கிறது என்று ஒருமுறை பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது.

சரி, மென்பொருளுக்கு வருவோம். பெரிய நிறுவனத்தின் வாட்ச் வாங்கினால் கவலை இல்லை என்று நினைப்பவர்கள் ஆப்பிள் வாட்ச் சீரிஸ் 3-இன் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2017-இல் வெளிவந்தது, 2022 செப்டம்பர் வரை புதிதாக விற்பனையில் இருந்தது. அந்த வருஷம் ஜூனிலேயே, ஆப்பிள் வாட்ச் மென்பொருளின் அடுத்த பதிப்பான வாட்ச்ஓஎஸ் 9 இதற்குக் கிடையாது என்பது தெரிந்துவிட்டது. 2022 கோடையில் காசு கொடுத்து வாங்கியவருக்கு ஒரு பெரிய அப்டேட் கூடக் கிடைக்கவில்லை. அதற்கு முன்பே, 8 ஜி.பி. இடம் போதாமல், ஃபோனிலிருந்து பிரித்து எல்லாவற்றையும் அழித்து மறுபடி இணைத்தால்தான் அப்டேட் ஏறும் என்ற நிலை வந்திருந்தது. தங்க உறையில் 10,000 டாலருக்கு மேல் விற்ற 2015-ஆம் வருஷத்து முதல் ஆப்பிள் வாட்ச்சுக்கும் 2018-இல் வாட்ச்ஓஎஸ் 5 வரவில்லை. உள்ளே இருந்த சிப் சாதாரண மாடலில் இருந்த அதே சிப்தான்.

ஆண்ட்ராய்டு பக்கம் நிலைமை இன்னும் கஷ்டம். 2021-இல் வேர் ஓஎஸ் 3 (ஆண்ட்ராய்டு வேரின் புதுப்பெயர்தான் வேர் ஓஎஸ்) வந்தபோது பழைய ஸ்னாப்டிராகன் சிப் போட்ட வாட்ச்கள் எல்லாம் பழைய பதிப்பிலேயே நின்றன. என்னுடையதும் அதில் ஒன்று. 2024 ஜனவரியில் ஃபாசில் என்ற வாட்ச் நிறுவனம் ஸ்மார்ட்வாட்ச் தொழிலிலிருந்தே விலகிக்கொள்வதாக அறிவித்தது. சாம்சங் கேலக்ஸி வாட்ச்4-க்கு 4 வருஷம், கூகுளின் முதல் பிக்சல் வாட்ச்சுக்கு 3 வருஷம் அப்டேட் தருவதாக வாக்குக் கொடுத்தார்கள், அது நல்ல விஷயம். ஆனால் அந்த வருஷங்கள் மாடல் வெளியான நாளிலிருந்து ஓடுகின்றன. தீபாவளி ஆஃபரில் பாதி விலைக்கு வருகிறதே என்று இரண்டு வருஷப் பழைய மாடலை வாங்கினால், பாதி ஆயுளுக்குத்தான் விலை கொடுக்கிறோம். அந்தத் தள்ளுபடியில் நமக்கு லாபம் எதுவும் இல்லை. பெட்டியைத் திறக்கும் முன் மாடல் எந்த மாதம் வெளியானது என்று பாருங்கள்.

இதற்கு நேர்மாறாக, செத்துப்போன நிறுவனத்தின் வாட்ச் உயிரோடு இருக்கிற கதையும் உண்டு. பெப்பிள். 2012-இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதி திரட்டும் தளத்தில் பொதுமக்களிடம் 1 கோடி டாலருக்கு மேல் திரட்டி உருவான வாட்ச். 2016 டிசம்பரில் கடையை மூடிவிட்டார்கள், சொத்துகளை ஃபிட்பிட் என்ற இன்னொரு நிறுவனம் வாங்கியது. 2018 ஜூன் மாதக் கடைசியில் சர்வர்களும் நின்றன. அதோடு எல்லாம் குப்பைக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. ரெபிள் என்ற பெயரில் பயனர்களே சேர்ந்து ஆப் ஸ்டோரையும் வானிலைச் சேவையையும் எடுத்து நடத்தினார்கள். ஃபிட்பிட்டை வாங்கிய கூகுள் 2025 ஜனவரியில் பெப்பிளின் மூலநிரலைப் பொதுவில் வெளியிட்டது. உருவாக்கிய எரிக் மிகிகோவ்ஸ்கியே இப்போது மறுபடி புது வாட்ச் விற்கிறார். உற்பத்தியை நிறுத்தும்போது நிரலைத் திறந்துவிட்டுப் போவது எல்லா நிறுவனங்களுக்கும் சட்டக் கடமையாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சர்வரை அணைக்க அவர்களுக்கு உரிமை இருக்கலாம். என் கையில் இருக்கும் பொருளை அணைக்க அவர்களுக்கு உரிமை இல்லை.

சர்வர் நின்றால் என்ன ஆகும் என்பதற்கு 2020 ஜூலை ஒரு ஒத்திகை. கார்மின் என்ற வாட்ச் நிறுவனத்தின் மீது ரேன்சம்வேர் (கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்கிற) தாக்குதல் நடந்து, சில நாட்கள் அவர்களுடைய ஆன்லைன் சேவை முடங்கியது. ஆனால் ஓடப்போனவர்களின் வாட்ச் வழக்கம்போல் தூரத்தையும் துடிப்பையும் பதிந்தது. யு.எஸ்.பி. வயரில் செருகிக் கோப்பை எடுத்து வேறு சேவையில் ஏற்ற முடிந்தது. இப்போது நான் கட்டியிருப்பது கார்மின் வாட்ச்தான். அதைத் தேர்ந்தெடுத்ததற்கு அந்த வயர் ஒரு முக்கியக் காரணம்.

இவ்வளவு சிரமத்துக்கும் ஸ்மார்ட்வாட்ச் தேவையா? என் வீட்டில் பதில் அப்பாவிடம் இருக்கிறது. ஸ்டென்ட் வைத்த பிறகு, நடைப்பயிற்சியில் துடிப்பு எவ்வளவைத் தாண்டக்கூடாது என்று டாக்டர் ஓர் எண்ணைச் சொல்லி அனுப்பினார். வாட்ச்சில் அதையே எல்லையாக வைத்தேன். தாண்டினால் மணிக்கட்டில் அதிரும், அப்பா வேகத்தைக் குறைத்துக்கொள்வார். முன்பெல்லாம் அம்மா, “என்னங்க, மெதுவா போங்க” என்று பின்னாலேயே சொல்லிக்கொண்டு வருவார். இப்போது பக்கத்தில் நடந்து வருகிறார். அப்பா அந்த வாட்ச்சில் வேறு எதையும் தொடுவதில்லை. இந்த ஒரு வேலைக்கு அப்டேட் வேண்டாம், சர்வர் வேண்டாம். அதற்காக மட்டுமே நான் கொடுத்த காசு தகும்.

ஆனால் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்பது தெரிய வேண்டும். பச்சை விளக்கை அடித்து, ரத்தம் எவ்வளவு வெளிச்சத்தை உறிஞ்சுகிறது என்று பார்த்துத் துடிப்பை எண்ணுகிறது வாட்ச். ஓய்வாக இருக்கும்போதும் சீராக நடக்கும்போதும் அந்த எண்ணிக்கை நன்றாகவே வரும். ஈ.சி.ஜி. வசதி உள்ள வாட்ச்கள் துடிப்பின் சீரின்மையைக் கண்டுபிடிக்க உதவும். மாரடைப்பைக் கண்டுபிடிக்காது, ஆப்பிளே இதை வெளிப்படையாகச் சொல்கிறது. ஆக்சிஜன் அளவு காட்டுவதாகச் சொல்லித் தங்கை வாங்கிய மலிவு வாட்ச்சைச் சுருட்டிய துண்டின் மேல் கட்டிப் பார்த்தோம். துண்டுக்கும் துடிப்பு இருந்தது, ஆக்சிஜன் 98 காட்டியது. ஊசி குத்தாமல் சர்க்கரை அளவு காட்டும் வாட்ச் என்று விளம்பரம் வந்தால் தயவுசெய்து நம்பாதீர்கள். அப்படி எந்த வாட்ச்சுக்கும் மோதிரத்துக்கும் அனுமதி தரவில்லை என்று அமெரிக்க மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. நம் ஊரில் வீட்டுக்கு ஒருவர் சர்க்கரை மாத்திரை போடுகிறோம். தப்பான எண்ணை நம்பி மாத்திரையைக் கூட்டிக் குறைத்தால் உயிருக்கே ஆபத்து.

இரண்டாயிரம் ரூபாய்க்குள் வருகிற வாட்ச்கள் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெரும்பாலும் ஒரு வருஷ வாரண்டிதான் அதன் ஆயுள். ஃபோனை மாற்றினால் ஆப் ஒத்துழைக்காது, காந்த சார்ஜர் தொலைந்தால் அதே இடைவெளியில் பின்கள் உள்ள வேறு சார்ஜர் கிடைக்காது. எந்த விலையில் வாங்கினாலும் கூடுதலாக ஒரு சார்ஜரைச் சேர்த்தே வாங்கி வையுங்கள். ஸ்ட்ராப் 20 அல்லது 22 மில்லிமீட்டர் சாதாரண வகையாக இருக்கட்டும், எந்த வாட்ச் கடையிலும் மாற்றலாம். வியர்வையோடு சார்ஜில் போட்டால் பின்புறப் புள்ளிகளில் பச்சையாகக் களிம்பு ஏறும், உலர்ந்த துணியால் துடைத்துவிட்டுப் போடுங்கள். அப்புறம், கடையிலேயே உங்கள் ஃபோனோடு இணைத்து ஒரு தமிழ் மெசேஜ் அனுப்பச் சொல்லிப் பாருங்கள். மலிவு வாட்ச்கள் பலவற்றில் தமிழ் கட்டம் கட்டமாக வருகிறது, இல்லையென்றால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். தமிழில் பேசிக்கொள்ளும் குடும்பத்துக்கு அந்த நோட்டிஃபிகேஷனால் என்ன பிரயோஜனம்?

விலையை நான் வருஷத்தால் வகுத்துப் பார்க்கிறேன். 30,000 ரூபாய் வாட்ச் நான்கு வருஷம் வந்தால் வருஷத்துக்கு 7,500. இதயப் பிரச்சினை உள்ளவருக்கு, தனியாக இருக்கும் பெரியவருக்கு அது நியாயமான செலவு. மெசேஜ் பார்க்க மட்டும் என்றால் வேண்டவே வேண்டாம், ஃபோன் பாக்கெட்டில்தான் இருக்கிறது. நேரம் மட்டும் தெரிந்தால் போதும் என்றால் கேசியோ எஃப்-91டபிள்யூ இருக்கிறது. 1989-இல் வந்த மாடல், ஒரு பட்டன் பேட்டரியில் சுமார் 7 வருஷம் ஓடுகிறது.

நான் அடுத்த வாட்ச்சை இப்போதைக்கு வாங்கப்போவதில்லை. 2027 பிப்ரவரி 18 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில், சில விலக்குகள் தவிர, கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயனரே கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும் என்ற விதி அமலுக்கு வருகிறது. தண்ணீரில் பயன்படுத்தும் கருவிகளுக்கான விலக்கைச் சொல்லி வாட்ச் நிறுவனங்கள் நழுவப் பார்க்குமோ என்ற பயம் எனக்கு இருக்கிறது. ஆனால் முடியாத காரியம் இல்லை. 2025-இல் வந்த பிக்சல் வாட்ச் 4-இல் பசைக்குப் பதில் ஸ்க்ரூ வைத்து, திரையையும் பேட்டரியையும் மாற்றும்படி செய்துவிட்டார்கள். நம் நுகர்வோர் விவகாரத் துறையும் 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஒரு இணையதளம் தொடங்கியது. அதில் வாட்ச்களுக்கும் உதிரிபாகம், விலை, எத்தனை வருஷம் கிடைக்கும் என்ற விவரத்தைக் கட்டாயமாக்கினால் ரிச்சி ஸ்ட்ரீட் கடைக்காரர் வேறு மாடலின் பேட்டரியை வைத்து ஒட்ட வேண்டியிருக்காது.

பழைய வாட்ச்சை யாருக்காவது கொடுப்பதாக இருந்தால் முதலில் உங்கள் ஃபோனிலிருந்து முறையாகப் பிரித்துவிடுங்கள். ஆப்பிள் வாட்ச் பழைய கணக்கோடு பூட்டியே இருந்தால் வாங்கியவர் அதைத் திறக்கவே முடியாது. பேட்டரி உப்பியிருந்தால் யாருக்கும் கொடுக்காதீர்கள், வீட்டுக் குப்பையிலும் போடாதீர்கள். மின்கழிவு எடுக்கும் இடத்தில் சேர்த்துவிடுங்கள்.