அப்புத்தளையில் தங்கியிருந்து வேலை செய்ய ஒரு வீடு

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்திலுள்ள இலங்கை மலையக ஊரான அப்புத்தளையில், தம்பேதன்ன செல்லும் வீதியோரம் மேல்மாடியை மாத வாடகைக்கு விடும் இந்த வீட்டை, வெளிநாட்டு நிறுவனங்களுக்காக மடிக்கணினியில் வேலை செய்வோருக்கு மனதாரப் பரிந்துரைக்கிறேன். இணைய வேகம் போதுமானது. மின்சாரம் தடைப்பட்டால் ரவுட்டரும் அணைந்துவிடுவதுதான் குறை.

2020இல் பார்படோஸ் தொலைப்பணியாளர்களுக்கு 12 மாத விசாவைத் தொடங்கியதிலிருந்து கரிபியன் கிராமங்களைப் பற்றியே பலரும் கேட்கிறார்கள். கோடையில் பார்படோஸிலும் நியூயோர்க்கிலும் ஒரே நேரம்; நாமோ ஒன்பதரை மணிநேரம் முன்னே இருப்பதால், அமெரிக்க வாடிக்கையாளர்களுடனான கூட்டங்கள் இரவுக்குத் தள்ளிப்போகும். அந்த இரவுகளுக்கென்றே வீட்டுக்கார அக்கா இஞ்சி போட்ட பிளேன்டீயை ஃபிளாஸ்கில் ஊற்றி வைத்துவிடுவார், காலையில் தேங்காய் ரொட்டியும் கட்டச் சம்பலும் சுடச்சுடக் கிடைக்கும். பிற்பகல் மூடுபனி ஜன்னல் இடுக்கு வழியே உள்ளே வருவதால், மேசையை உட்சுவரோரம் போட்டுக்கொள்ளுங்கள், கம்பளியும் கொண்டுபோங்கள்.