மோஸ்தாரா, யாய்ட்சேயா? சரயேவோவிலிருந்து ஒரு நாள்

போஸ்னியாவின் தலைநகர் சரயேவோவின் பழைய கடைவீதி பாஷ்சார்ஷியா. அங்கே பத்தடிக்கு ஒரு சுற்றுலா அலுவலகம் இருக்கிறது. வாசல் பலகைகளில் பெரும்பாலும் ஒரே படம்தான்: பச்சை நிற ஆற்றின் மேல் வளைந்து நிற்கும் கல் பாலம். படத்துக்குக் கீழே கோன்யிட்ஸ், மோஸ்தார், பிளாகாய், பொச்சிடெல், கிராவிட்சா அருவி என்று ஐந்து பெயர்கள். எட்டுப் பேர் வேன், காலை எட்டு மணிக்குக் கிளம்பி இரவு எட்டு மணிக்குத் திரும்பலாம். அதே பலகையின் அடியில் சின்ன எழுத்தில் இன்னொரு பயணமும் இருக்கும்: திராவ்னிக், யாய்ட்சே. அதற்குப் படம்கூடப் போட்டிருக்க மாட்டார்கள்.

இரண்டுமே துருக்கிய ஒட்டோமான் ஆட்சிக் காலத்து ஊர்களையும் ஓர் அருவியையும் ஒரே நாளில் காட்டும் பயணங்கள். ஒன்று தெற்கே ஹெர்செகோவினா பக்கம், மற்றது வடமேற்கே மத்திய போஸ்னியாவுக்குள். ஓர் ஆகஸ்டில் மூன்று நாள் இடைவெளியில் இரண்டுக்கும் போனேன். முதலில் போனது தெற்கே. எல்லாரும் அங்கேதானே போகிறார்கள்!

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். தெற்குப் பாதையில் சரயேவோவிலிருந்து மோஸ்தாருக்குச் சுமார் 130 கிலோமீட்டர். அதற்கும் தெற்கே போனால்தான் கிராவிட்சா. போக வர ஆறு மணி நேரம் வண்டியிலேயே கழிகிறது. மீதி ஆறு மணி நேரத்தை ஐந்து ஊர்களுக்குப் பங்கு போட வேண்டும். எங்கள் ஓட்டுநர் கெட்டிக்காரர், நேரத்தை நன்றாகவே பிரித்தார். ஆனாலும் மோஸ்தாருக்குக் கிடைத்தது இரண்டு மணி நேரம், அதில் சாப்பாடும் அடக்கம். வடமேற்கே யாய்ட்சே சுமார் 160 கிலோமீட்டர், ஓட்ட நேரம் ஒன்றும் பெரிதாகக் குறையவில்லை. ஆனால் நிற்க வேண்டியது இரண்டே ஊர்களில், அப்புறம் ஓர் ஏரிக்கரையில். அந்த வித்தியாசம் மாலையில் கால்களுக்குத் தெரியும்.

மோஸ்தார் பாலத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. சுல்தான் சுலைமான் ஆணையில் 1557இல் வேலை தொடங்கி 1566இல் முடிந்தது. கட்டியவர் மிமார் ஹைருதீன், புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் சினானின் மாணவர். நெரெத்வா ஆற்றை ஒரே வளைவில் தாண்டும் பாலம். ஊருக்கே பெயர் கொடுத்தவர்கள் பாலத்தைக் காவல் காத்த ‘மோஸ்தாரி’கள். 427 ஆண்டுகள் நின்ற அந்தப் பாலத்தை 1993 நவம்பர் 9ஆம் தேதி போஸ்னிய குரோவாட் படையினர் பீரங்கியால் அடித்து ஆற்றில் தள்ளினார்கள். இன்று நாம் நடப்பது 2004 ஜூலையில் திறக்கப்பட்ட பாலம். பழைய முறையிலேயே, அதே வட்டாரத்துக் கல்லை வெட்டி அடுக்கியிருக்கிறார்கள். ‘அப்படியென்றால் இது நகல்தானே’ என்று எங்கள் வேனில் ஒருவர் கேட்டார். ஓட்டுநர் சிரித்துக்கொண்டே, “என் வீடும் அப்படித்தான், கூரை மட்டும் இரண்டு முறை புதிது” என்றார்.

பாலத்தின் மேல் கல் வழுக்கும். நடுவில் உயர்ந்து இரு பக்கமும் சரிகிறது. குறுக்கே கட்டை போல வரிக் கற்கள் வைத்திருப்பதால் பிழைத்தோம். செருப்பு போட்டுக்கொண்டு போகாதீர்கள். நீச்சல் உடையில் இளைஞர்கள் கைப்பிடிச் சுவரின் மேல் நின்று, இதோ குதிக்கிறேன் இதோ குதிக்கிறேன் என்று கூட்டத்தைக் காக்க வைப்பார்கள். தொப்பியில் போதுமான காசு சேர்ந்தால்தான் 20 மீட்டருக்கும் மேலான உயரத்திலிருந்து குளிர்ந்த தண்ணீருக்குள் பாய்வார்கள். எனக்கு வாய்த்த இரண்டு மணி நேரத்தில் காசு சேரவில்லை. கிளம்பும் நேரம் வந்துவிட்டது.

தெற்குப் பயணத்தில் என் குறையே இதுதான். மோஸ்தாரில் பார்க்கத் தக்கது பகல் நேரத்துப் பாலம் மட்டுமில்லை. மதியம் கடைவீதியில் தோளோடு தோள் இடிக்கும் கூட்டம், ஆகஸ்டில் வெயில் 40 டிகிரியைத் தொடும். கடற்கரை ஊர்களிலிருந்து வரும் பெரிய பஸ்களும் அதே நேரத்தில்தான் ஆட்களை இறக்குகின்றன. மாலை அவை போன பிறகுதான் ஊர் மூச்சு விடும். நாம் அதற்குள் வேனில் ஏறியிருப்போம்.

பிளாகாய் மட்டும் இந்த அவசரத்திலும் மனதில் நின்றது. சுமார் 200 மீட்டர் உயரச் செங்குத்துப் பாறை. அதன் அடியில் ஒரு குகை வாய். அங்கிருந்து பூனா ஆறு முழு ஆறாகவே வெளியே வருகிறது. ஊற்று என்றால் கசிந்து, சொட்டி, ஓடையாகி வரும் என்றுதானே நினைப்போம்? இங்கே அப்படி இல்லை. மேலே மேட்டுச் சமவெளியில் சுண்ணாம்புப் பாறைகளுக்குள் புகுந்து மறையும் தண்ணீர், பல கிலோமீட்டர் பூமிக்கடியில் ஓடி இங்கே தலை காட்டுகிறது. குகையை ஒட்டி தர்வேஷ்கள் என்ற சூஃபித் துறவிகளின் மடம், வெள்ளைச் சுவரும் மர மாடமுமாக. உள்ளே போகக் கட்டணம் உண்டு, பெண்கள் தலையை மூட வேண்டும், துணி வாசலிலேயே தருகிறார்கள். உள்ளே உட்கார்ந்து தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம். கொடுத்தது முக்கால் மணி நேரம்.

பொச்சிடெல், மலைச்சரிவில் படிக்கட்டு போல ஏறும் கல் ஊர். 16ஆம் நூற்றாண்டுப் பள்ளிவாசல், மணிக்கூண்டு, உச்சியில் கோட்டை. வாசலில் பாட்டிமார் காகிதக் கூம்பில் அத்திப்பழமும் மாதுளைச் சாறும் விற்பார்கள். கோட்டை வரை ஏறினால் நெரெத்வா வளைந்து போவது தெரியும். வெயிலில் ஏற மனம் இல்லாத நான்கு பேர் மாதுளைச் சாற்றோடு நின்றுவிட்டார்கள். கோன்யிட்ஸ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1682இல் கட்டி, இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில் தகர்க்கப்பட்டு, 2009இல் திரும்பக் கட்டிய பாலம் ஒன்று. பதினைந்து நிமிடம், ஒரு போட்டோ. ஊரின் மரச் செதுக்கு வேலை 2017இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது, அந்தப் பட்டறைகளைப் பார்க்க நிறுத்துவதில்லை.

இப்போது அருவிக்கு வருவோம். இரண்டு பயணங்களையும் எடை போட இதுவே சரியான இடம்.

கிராவிட்சா, திரேபிஷாட் ஆற்றில் இருக்கிறது. உயரம் சுமார் 25 மீட்டர்தான். ஆனால் அரைவட்டமாக நூறு மீட்டருக்கும் மேல் விரிந்து, புல்லும் பாசியும் மரமும் ஊடே முளைத்திருக்க, பல கால்களாகப் பிரிந்து விழுகிறது. தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு, பாசியின் மேல் படிந்து படிந்து கல்லாகும். அந்தக் கல்லே அருவியை வளர்த்துக்கொண்டு போகிறது. கீழே குளம், கரையில் சாப்பாட்டுக் கடைகள், துண்டு விரித்துப் படுத்திருக்கும் கூட்டம். அழகா என்றால் அழகுதான். ஆகஸ்டில் தண்ணீர் மெலிந்து, கூட்டம் பெருத்திருந்தது. ஏப்ரல், மே மாதங்களில் பாறையே தெரியாமல் கொட்டும், ஆனால் குளத்தில் கால் வைக்க முடியாத குளிர். இன்னொன்று, அருவிக்கு நுழைவுச் சீட்டு வாங்க வேண்டும், கோடையில் விலை கூடும். பல பயணக் கட்டணங்களில் இது சேர்வதில்லை. எங்களுக்கு அது வாசலில் போய்தான் தெரிந்தது. புக் செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.

யாய்ட்சே அருவி வேறு ரகம். அது காட்டில் இல்லை, ஊருக்கு நடுவில் இருக்கிறது. மேலே கோட்டை, அதன் கீழே ஓட்டு வீடுகள், வீடுகளின் காலடியில் பிளீவா ஆறு ஒரே பாய்ச்சலாக வர்பாஸ் ஆற்றுக்குள் சுமார் 20 மீட்டர் விழுகிறது. இரண்டு ஆறுகள் சேரும் இடமே அருவி. தண்ணீர் ஆகஸ்டிலும் குறையாமல் கொட்டியது. பக்கத்தில் போய் நிற்கும் மேடைக்குச் சிறு கட்டணம் உண்டு, சட்டை நனைய சாரல் இலவசம். எதிர்க்கரையில் நின்றால் கட்டணமே இல்லை, கோட்டையும் அருவியும் ஒரே பார்வையில் வரும். குளிக்க முடியாது, அது ஒரு குறைதான். குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு கிராவிட்சா பிடிக்கும். ஆனால் ஊருக்கு ஐந்து கிலோமீட்டரில் பிளீவா ஏரிகள் இருக்கின்றன. இரண்டு ஏரிகளுக்கு நடுவே, ஓடும் தண்ணீரின் மேல் கால் ஊன்றி நிற்கும் மரத்தாலான குட்டி நீராலைகள் இருபது போல உண்டு. ஒரு காலத்தில் ஊரார் தானியம் அரைத்த இடம். அங்கே ஒரு மணி நேரம் விட்டார்கள், யாரும் கடிகாரம் பார்க்கவில்லை.

யாய்ட்சேயின் பலம் அருவி மட்டும் என்றால் இந்த ஒப்பீடே தேவைப்படாது. சின்ன ஊருக்குள் அடுக்கடுக்காகக் காலம் கிடக்கிறது. ரோமானியர் காலத்தில் மித்ரா என்ற தெய்வத்துக்குக் கட்டிய கோயில், கண்ணாடிக் கூண்டுக்குள். ஓர் இடைக்காலப் பிரபு பாறையைக் குடைந்து செய்த பாதாளத் தேவாலயம். போஸ்னியாவின் கடைசி அரசர் ஸ்தெஃபான் தோமாஷெவிச் 1461இல் முடிசூடிய தேவாலயம், பின்னாளில் பள்ளிவாசலாகி, இன்று கூரையில்லாத சுவர்களாக நிற்கிறது. இரண்டே ஆண்டுகளில், 1463இல், சுல்தான் இரண்டாம் மெஹ்மத்தின் படை அவரைப் பிடித்துத் தலையை வெட்டியது. அவருடையது என்று நம்பப்படும் எலும்புக்கூடு பிரான்சிஸ்கன் மடத்தில் கண்ணாடிப் பேழையில் இருக்கிறது. அதோடு கதை முடியவில்லை. அதே ஆண்டே ஹங்கேரியர்கள் ஊரைப் பறித்துக்கொள்ள, ஒட்டோமான்களுக்கு நிலையாகக் கிடைத்தது 1520களின் கடைசியில்தான். அப்புறம் 1943 நவம்பர் 29 அன்று கம்யூனிஸ்ட் தலைவர் டிட்டோவின் ஆட்கள் இதே ஊரில் ஒரு மண்டபத்தில் கூடி, கூட்டாட்சி யுகோஸ்லாவியாவுக்கு அடித்தளம் போட்டார்கள். அந்த மண்டபம் இப்போது அருங்காட்சியகம். இவ்வளவும் நடந்தே பார்த்துவிடலாம்.

திராவ்னிக்கை ‘வழியில் ஒரு ஊர்’ என்று நினைத்து இறங்கினேன். 1697இல் ஆஸ்திரியத் தளபதி யூஜின் சரயேவோவைக் கொளுத்திவிட்டுப் போன பிறகு, போஸ்னியாவை ஆண்ட வசீர்கள் (ஒட்டோமான் ஆளுநர்கள்) இங்கே குடிபெயர்ந்து ஏறத்தாழ 150 ஆண்டுகள் இருந்தார்கள். 1850 வரை எழுபதுக்கும் மேற்பட்ட வசீர்கள். ஊர் சிறிதாக இருந்தும் தலைநகர் களை போகவில்லை. வசீர்களின் கல்லறை மண்டபங்கள் தெருவோரத்திலேயே இருக்கின்றன. வண்ணப் பள்ளிவாசல் என்று ஒன்று: வெளிச்சுவரில் கொடியும் பூவும் தீட்டிய பள்ளிவாசல் மாடியில், கீழ்த்தளத்தில் கடைகள். நோபல் பரிசு பெற்ற இவோ ஆண்ட்ரிச் 1892இல் பிறந்ததும் இங்கேதான். இந்த ஊர் ஆண்களையும் அவர்கள் பேச்சையும் பார்த்தால், எழுத்தாளன் பிறக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

பிளாவா வோடா என்ற ஊற்றோடையின் கரையில் மேசை போட்டிருக்கிறார்கள். ஜெஸ்வா என்ற நீள்பிடிச் செம்புப் பாத்திரத்தில் காபி, கூடவே கட்டிச் சர்க்கரை. சர்க்கரையின் ஓரத்தைக் காபியில் நனைத்துக் கடித்துவிட்டு மேலே ஒரு மிடறு. செவாப்பி என்ற சுட்ட இறைச்சி உருளைகளுக்குப் பெயர் போன ஊர். மாமிசம் சாப்பிடாதவர்கள் பயப்பட வேண்டாம், அடுமனையில் கேட்கும் விதத்தில்தான் இருக்கிறது. மெல்லிய மாவில் பூரணம் வைத்துச் சுடும் பண்டங்களில், ‘புரெக்’ என்றால் இங்கே இறைச்சி வைத்தது மட்டுமே. பாலாடைக்கட்டி வைத்தது சிர்னிட்சா, கீரை வைத்தது ஸெல்யானிட்சா. சீஸ் புரெக் என்று கேட்டால் முறைப்பார்கள். தெற்குப் பாதையிலோ, யாப்லானிட்சாவில் முழு ஆட்டுக்குட்டி கம்பியில் சுழன்று வேகும் கடைகள்தான் பெயர். சைவர்கள் மோஸ்தார் வரை பொறுக்க வேண்டும்.

குழுவைப் பற்றியும் ஒரு வார்த்தை. தெற்கே வேன் நிறைந்திருந்தது, ஐந்து நிறுத்தத்திலும் ஒருவர் தாமதித்தாலே போதும், கடைசி ஊரில் கால் மணி நேரம் போய்விடும். தாமதித்தவர் ஒரு முறை நான்தான். வடமேற்கே நாங்கள் நான்கு பேர். ஆள் சேராவிட்டால் இந்தப் பயணம் கிளம்பாத நாளும் உண்டு, அதனால் இரண்டு நாள் முன்பே சொல்லி வைக்க வேண்டும்.

என் தீர்ப்பு இதுதான்: குழுப் பயணக் காசை யாய்ட்சேக்குக் கொடுங்கள். திராவ்னிக், யாய்ட்சே, ஏரி மூன்றையும் பஸ் பிடித்து ஒரே நாளில் பார்ப்பது பெரும்பாடு. வேன் உண்மையாகவே உதவும் இடம் அது. மோஸ்தாருக்கு வேன் தேவையே இல்லை. சரயேவோவிலிருந்து ரயில் இரண்டு மணி நேரத்தில் கொண்டுபோய் விடுகிறது, மலையைச் சுற்றி இறங்கி நெரெத்வாவை ஒட்டி ஓடும் அந்தப் பாதையே பாதிச் சுற்றுலா. அங்கே ஓர் இரவு தங்கினால் மறுநாள் காலை பிளாகாய்க்கு டவுன் பஸ் இருக்கிறது. பொச்சிடெல்லும் கிராவிட்சாவும் வேண்டுமென்றால் மோஸ்தாரிலிருந்தே அரை நாள் வேன்கள் கிளம்புகின்றன. ஒரே ஒரு நாள்தான் கையில் இருக்கிறது, திரும்பி வரப்போவதும் இல்லை என்றால் மட்டும் அந்த ஐந்து ஊர்ப் பயணத்தை எடுங்கள். கோன்யிட்ஸை விட்டுவிட்டு மோஸ்தாரில் கூட நேரம் தருவீர்களா என்று கேட்டுப் பாருங்கள், சின்னக் குழு என்றால் சில நேரம் ஒப்புக்கொள்வார்கள்.

குரோவாட்டியாவின் கடற்கரை ஊர்களான துப்ரோவ்னிக், ஸ்பிளிட் பக்கமிருந்து மோஸ்தாருக்கு ஒரு நாள் பயணம் போக நினைக்கும் இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2023 ஜனவரியிலிருந்து குரோவாட்டியா, ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகும் ஷெங்கன் பகுதிக்குள் இருக்கிறது, போஸ்னியா வெளியே. ஒரு முறை மட்டும் நுழையும் ஷெங்கன் விசாவில் காலையில் எல்லை தாண்டினால், மாலையில் ஓட்டல் அறைக்குத் திரும்ப முடியாது.