கிரிட்டிக்கல் இல்னஸ் பாலிசி கிடையாதுன்னுட்டாங்க, வேற என்ன வழி இருக்கு?

எனக்கு 2019ல தைராய்டு கேன்சர் வந்துச்சு. ஒன்றரை சென்டிமீட்டர் கட்டி, கழுத்துல இருக்கிற நிணநீர் முடிச்சுக்கெல்லாம் பரவல, ரிப்போர்ட்ல டி1 என்0 எம்0ன்னு (சின்னக் கட்டி, எங்கயும் பரவலன்னு அர்த்தம்) போட்டிருந்தாங்க. ஆபரேஷன் முடிஞ்சு இப்ப தினமும் வெறும் வயித்துல ஒரு மாத்திரை, அவ்வளவுதான். போன வருசம் 20 லட்சத்துக்கு கிரிட்டிக்கல் இல்னஸ் பாலிசி (பெரிய நோய் வந்தா மொத்தமா பணம் குடுக்கறது) போடலாம்னு ஃபார்ம்ல எதையும் மறைக்காம எழுதி, பயாப்ஸி ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் வெச்சு அனுப்புனேன், பத்தே நாள்ல ரிஜெக்ட்.

அதுக்கப்புறம்தான் பாலிசி விதிகளை உக்காந்து படிச்சேன். கேன்சர்னா எதுன்னு ஐஆர்டிஏஐ (இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கட்டுப்படுத்துற அரசு அமைப்பு) எல்லா கம்பெனிக்கும் பொதுவா வரையறுத்து வெச்சிருக்கு, அதுல டி1 என்0 எம்0 தைராய்டு கேன்சர் கணக்குலயே வராது. அதாவது 2019லயே இந்த பாலிசி என் கையில இருந்திருந்தாலும் எனக்கு ஒரு ரூபா வந்திருக்காது, ஆனா அதே கட்டியைக் காட்டித்தான் இப்ப பாலிசியே இல்லன்னு சொல்றாங்க. ரெண்டு நாள் எனக்கு ஆறவே இல்ல.

சரி, மாத்து வழி பாப்போம். மொதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும், சாதா ஹெல்த் பாலிசி ஆஸ்பத்திரி பில்லைக் கட்டும், கிரிட்டிக்கல் இல்னஸ் பாலிசி நோய் உறுதியானதும் மொத்தமா பணத்தைக் கையில குடுக்கும் (பெரும்பாலும் மொத 90 நாள் காத்திருக்கணும், நோய் தெரிஞ்சு 30 நாள் உயிரோட இருக்கணும்னு கண்டிஷனும் உண்டு). வேலைக்குப் போக முடியாத மாசங்கள்ல வாடகை, ஸ்கூல் ஃபீஸுக்கெல்லாம் அந்தப் பணம்தான் ஆகும். அதனால எதை எடுத்தாலும் இது பில்லுக்கா வீட்டுச் செலவுக்கான்னு கேட்டுக்கோங்க.

வீட்டுச் செலவுங்கிற கணக்குல பாத்தா இருக்கிறதுலயே நல்லது இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர்களுக்கான அரசு காப்பீடு. இதை யாரும் பெருசா பேசறதே இல்ல. மாசச் சம்பளம் 21,000க்குள்ள இருக்கணும், நம்ம சம்பளத்துல 0.75 சதவீதம்தான் பிடிப்பாங்க, பழைய நோய் இருக்கான்னு யாரும் கேக்க மாட்டாங்க. சாதாரணமா உடம்பு முடியலன்னா வருசத்துக்கு 91 நாள் வரைக்கும் 70 சதவீதச் சம்பளம், கேன்சர் மாதிரி 34 நீண்டகால நோய்க்கு, ரெண்டு வருசம் வேலைல இருந்திருந்தா, 80 சதவீதம் ரெண்டு வருசம் வரைக்கும் கிடைக்கும். மில்லுல வேலை பாக்குற என் தம்பி அந்தப் பிடித்தத்துக்குத் திட்டிக்கிட்டே இருப்பான், இதைச் சொன்னப்புறம் வாயத் திறக்கல. எனக்கு சம்பளம் கூட, அதனால கிடையாது.

பில்லுக்குன்னா ஆபீஸ் க்ரூப் இன்சூரன்ஸ்தான் சுலபம், பெரும்பாலும் மொத நாள்ல இருந்தே பழைய நோய்க்கும் கவர் ஆகும். வேலை போனா அதுவும் போச்சு, அதான் பயம். குடும்ப வருமானம் வருசத்துக்கு 1,20,000க்குள்ள இருக்கிறவங்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம், குடும்பத்துக்கு 5 லட்சம். அம்மா அப்பாவுக்கு 70 வயசு தாண்டிட்டா வருமானமே பாக்காம ஆயுஷ்மான் கார்டு இருக்கு, அதுவும் 5 லட்சம்தான்.

சொந்தமா சாதா ஹெல்த் பாலிசி எடுக்கறதா இருந்தா 2024ல வந்த மாத்தம் நமக்கு நல்லது, பழைய நோய்க்கான வெயிட்டிங் பீரியடை (அது முடியற வரைக்கும் அந்த நோய்க்கு க்ளெய்ம் கிடைக்காது) 4 வருசத்துல இருந்து அதிகபட்சம் 3 வருசமா குறைச்சுட்டாங்க. கேன்சர் வந்தவங்களுக்குன்னே ஸ்டார் ஹெல்த்ல தனி பாலிசியும் இருக்கு, ப்ரீமியம் கூட வரும்.

இங்கதான் ஒரு ஏஜென்ட் என்கிட்ட சொன்னாரு, "பழைய நோயை ஃபார்ம்ல எழுதாதீங்கக்கா, 5 வருசம் தாண்டிட்டா எவனும் கேக்க மாட்டான்"னு. தொடர்ந்து 5 வருசம் பாலிசி ஓடுச்சுன்னா மறைச்சுட்டீங்கன்னு சொல்லி க்ளெய்மை மறுக்க முடியாதுங்கறது நெஜந்தான், ஆனா மோசடின்னு நிரூபிச்சா அப்பவும் மறுக்கலாம், அந்த 5 வருசத்துக்குள்ளயே ஏதாவது ஆச்சுன்னா மொத்தமும் போச்சு. என் கழுத்துல தழும்பு இருக்கு, எந்த டாக்டர்கிட்ட போனாலும் மொதல்ல கேஸ் ஷீட்ல அதைத்தான் எழுதுவாரு. தயவுசெஞ்சு யாரும் இந்தப் பேச்சைக் கேக்காதீங்க.

கடைசில நான் என்ன பண்ணேன்னா, ஆபீஸ் கவரை வெச்சுக்கிட்டு, வேற கம்பெனில 10 லட்சத்துக்கு சாதா ஹெல்த் பாலிசி எடுத்தேன், ப்ரீமியம் கூட்டித்தான் குடுத்தாங்க, தைராய்டுக்கு 3 வருசம் காத்திருக்கணும். வீட்டுச் செலவுக்கு மாசம் 8,000 ஆர்டி போடுறேன், ஒரு வருசச் செலவு சேர்ற வரைக்கும் அதைத் தொடுறதில்ல. ரிஜெக்ட் பண்ண காரணத்தையும் எழுத்துல கேட்டு வாங்கி வெச்சிருக்கேன், ஏன்னா வேற எங்கயாவது மறுத்திருக்காங்களான்னு அடுத்த ஃபார்ம்லயும் கேப்பாங்க, ஆமான்னு டிக் பண்ணி அந்த லெட்டரையும் சேத்து அனுப்பணும்.