விமான தூரக் கணிப்பான்: ஆறு வருடம் பயன்படுத்திய பிறகு

இரண்டு விமான நிலையங்களின் பெயரைக் கொடுத்தால் இடையில் எத்தனை கிலோமீட்டர், பறக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்லும் தளங்களை ஆறு வருடமாகப் பயன்படுத்துகிறேன். டிக்கெட் போடுவதற்கு முன்னால் அதைத் திறப்பது பழக்கமாகிவிட்டது. தூரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். நேரத்தை அப்படி நம்பி ஒரு விமானத்தையே தவறவிட்டவன் நான்.

தளம் காட்டும் தூரம், பூமி உருண்டையின் மேல் இரு புள்ளிகளுக்கு நடுவே உள்ள மிகக் குறுகிய வழி. லண்டன் ஹீத்ரோவிலிருந்து நியூயார்க் ஜேஎஃப்கே சுமார் 5,550 கி.மீ. தளத்துக்குத் தளம் சில கிலோமீட்டர் மாறும். சில தளங்கள் பூமியை 6,371 கி.மீ. ஆரமுள்ள கோளமாக எடுத்துக்கொள்ளும், சில துருவங்களில் லேசாகத் தட்டையாக வைத்துக் கணக்கிடும், அவ்வளவுதான். வரைபடத்தில் கோடு ஏன் வடக்கே வளைகிறது என்று ஆரம்பத்தில் குழம்பினேன். உலக உருண்டை பொம்மை மேல் நூலை இழுத்துப் பிடித்துப் பார்த்ததும் சந்தேகம் தீர்ந்தது.

நேரத்தில்தான் வம்பே. நான் அதிகம் பயன்படுத்திய தளம் மணிக்கு 800 கி.மீ. வேகம் என்று வைத்து, விமானம் மேலே ஏற, கீழே இறங்க அரை மணி நேரம் சேர்த்துவிடும். அந்தக் கணக்கில் லண்டன்–நியூயார்க் போனாலும் வந்தாலும் ஏழரை மணிக்குக் கொஞ்சம் குறைவு. அட்லாண்டிக் மேல் விமானம் பறக்கும் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வேகமாக வீசும் ஜெட் காற்று அதன் கணக்கிலேயே இல்லை. அட்டவணையைப் பாருங்கள், நியூயார்க் போக ஏறக்குறைய எட்டு மணி நேரம், திரும்பி வர ஏழு. 2020 பிப்ரவரியில் புயல்காற்று பின்னாலிருந்து தள்ளியதில் ஒரு பயணிகள் விமானம் 4 மணி 56 நிமிடத்திலேயே நியூயார்க்கிலிருந்து லண்டன் வந்து சேர்ந்தது.

கணிப்பானுக்கு அரசியலும் தெரியாது. ஹெல்சின்கி–டோக்கியோ சுமார் 7,800 கி.மீ., பத்தேகால் மணி நேரம் என்கிறது. 2022இல் ஐரோப்பிய விமானங்களுக்கு ரஷ்ய வான்வெளி மூடப்பட்ட பிறகு அதே பயணம் 13 மணி நேரம் வரை இழுக்கிறது, வடதுருவப் பக்கமாகக்கூடச் சுற்றிப் போகிறார்கள்.

நான் ஏமாந்தது இவ்வளவு பெரிய பயணத்தில் இல்லை. வெறும் 300 கி.மீ. கணிப்பான் 53 நிமிடம் என்றது. டிக்கெட்டில் ஒன்றேகால் மணி நேரம் போட்டிருந்தது. சும்மா கூட்டிப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்து, அடுத்த விமானத்துக்குத் தனி டிக்கெட்டை நெருக்கமாகப் போட்டேன். கேட்டிலிருந்து பின்னுக்குத் தள்ளி, வரிசையில் ஊர்ந்து ஓடுபாதைக்குப் போய், இறங்கும் முன் வானில் ஒரு வட்டமும் அடித்து, கதவு திறக்க ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது. டிக்கெட்டில் இருக்கும் நேரம் கேட்டிலிருந்து கேட் வரை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. அப்புறம் என்ன, புது டிக்கெட்.

இன்னொரு கூத்து. சான் ஹோசே என்று அடித்தேன், கோஸ்டாரிகாவுக்குப் பதில் கலிஃபோர்னியாவைப் பிடித்துக்கொண்டது. இப்போது எஸ்ஜேஓ, எஸ்ஜேசி என்று மூன்றெழுத்துக் குறியீட்டில் மட்டுமே தேடுகிறேன்.

இன்றும் அதைத் திறப்பது ஒரே வேலைக்கு: எந்த ஊரில் மாறி ஏறினால் சுற்று குறைவு என்று பார்க்க. இரண்டு கட்ட தூரத்தையும் கூட்டி, நேர்த் தூரத்தோடு ஒப்பிட்டால் போதும். நேரத்துக்கு அட்டவணைதான், அதுவும் போக ஒன்று, வர ஒன்று.